உப்புக்காற்று ஊரில் அடுப்படிச் சாமான்: கண்ணுக்குப் பார்ப்பதா, கைக்குப் பார்ப்பதா?

மதுரை ஷோரூமில் நின்று பார்த்தால் எந்தச் சாமானும் அழகாகத்தான் இருக்கும். ஏசி ஓடுகிறது, மேலிருந்து வெளிச்சம் விழுகிறது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, காற்றில் உப்பு இல்லை. அதே அடுப்பையும் சிம்னியையும் வண்டியில் ஏற்றி ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ கீழக்கரைக்கோ கொண்டுவந்து மாட்டினால், ஒரு வாடைக்காலம் தாண்டுவதற்குள் திருகுகளின் தலையில் பழுப்பு ஏறிவிடும். அதனால் ‘அழகா இருக்கணுமா, உழைக்கணுமா’ என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வியை இந்தக் கரையில் அப்படியே கேட்க முடியாது. இங்கே உழைக்காத சாமான் இரண்டாம் வருஷமே அழகாகவும் இருக்காது.

தங்கச்சிமடத்தில் புது வீடு கட்டுகிற எங்கள் சொந்தத்தில் இப்போது தினமும் இதுதான் பேச்சு. மதினிக்கு ஹாப், அதாவது மேடைக்குள் பதித்த கறுப்புக் கண்ணாடி கேஸ் அடுப்பு வேண்டும். அதற்கு மேல் சாய்ந்த கண்ணாடி சிம்னி, அலமாரிக்குள் உட்கார்ந்த மைக்ரோவேவ். ஒயர் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. அண்ணனுக்கு எவர்சில்வர் அடுப்பும் ஜன்னலோரம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும். “கடலோரத்துல இதெல்லாம் நிக்குமா?” என்கிறார் அவர். “நிக்கப் போறது நான்தானே, நான் பாக்கணும்ல” என்கிறார் மதினி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் மதினி ஓட்டுக்குத்தான் எடை அதிகம். அண்ணன் அடுப்படிக்குள் வருவது டீ கேட்க மட்டும்தான். ஒருவர் நாளில் பாதி நேரம் நிற்கிற இடம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது வீண் ஆசை இல்லை. அந்த லட்சணம் இந்தக் காற்றில் எதில் தங்கும், எதில் தங்காது என்பதுதான் பார்க்க வேண்டியது.

உப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்பது அதனால்தான். சாமான்களின் மேல் படிகிற கண்ணுக்குத் தெரியாத உப்பும் அப்படியே. இரவில் ஈரமாகி மெல்லிய உப்புநீர்ப் படலமாக ஒட்டிக்கொள்ளும், பகலில் காயும், மறுநாள் இரவு திரும்பவும் ஈரமாகும். உலோகத்தை அரிக்க இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் இந்த உப்போடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்கிற அரிப்புத் தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) உலோக அரிமானத்தைச் சோதிப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. உலோகம் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று பார்க்க ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் நாம் குடித்தனம் நடத்துகிறோம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வெளியே கிடக்கிற இரும்பின் மேல் படிந்த உப்பை மழையாவது கழுவிவிடும். வீட்டுக்குள், அதிலும் ஒரு சாமானின் முதுகுப்பக்கமோ அடிப்பக்கமோ படிந்த உப்பை யார் கழுவுவது? அது சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இந்தக் கரையில் ஒரு சாமானை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஈரத்துணி எங்கெல்லாம் எட்டும்? துணி எட்டுகிற இடத்தில் எவ்வளவு அழகு வேண்டுமானாலும் வைக்கலாம். எட்டாத இடத்தில் உலோகம் இருந்தால் அது என்ன விலையாக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

அப்புறம் எவர்சில்வர். கடைக்காரர் ‘ஃபுல் ஸ்டீல்’ என்று சொன்னதும் தலையாட்டிவிடக் கூடாது. 304 என்கிற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். விலை குறையும், உப்பைத் தாங்கும் சக்தியும் குறையும். 430-இல் நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். காந்தம் வைத்துப் பார்த்தால் 430-இல் ஒட்டும், 304-இல் ஒட்டாது என்பது சரிதான். ஆனால் 202-லும் ஒட்டாது. எனவே காந்தத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. பில்லில் 304 என்று எழுதித் தருகிறாரா என்று கேளுங்கள். அதற்கும் மேலே 316 என்று ஒரு ரகம் உண்டு. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்தது, உப்பை நன்றாகத் தாங்கும். வீட்டுச் சாமான்களில் அது அபூர்வம், தேடி அலைய வேண்டாம்.

பினிஷ் விஷயத்தில்தான் அழகும் புழக்கமும் நேருக்கு நேர் மோதுகின்றன. இப்போது எல்லோரும் விரும்புவது மெல்லிய கோடு கோடாக, பளபளப்பில்லாமல் மங்கலாக இருக்கிற ஸ்டீல். பார்க்க அடக்கமாக இருக்கும், விரல் தடம் தெரியாது. ஆனால் அந்தக் கோடுகளின் பள்ளத்தில்தான் உப்பு தங்கும். டீ சிந்திக் காய்ந்ததுபோல் பழுப்புக் கறை முதலில் வருவதும் அதில்தான். முகம் பார்க்கலாம் போல மின்னுகிற பழைய பினிஷ் வழுவழுப்பாக இருப்பதால் உப்பு ஒட்டாமல் துடைபட்டு வந்துவிடும். நம் அம்மாக்கள் வாங்கிய பளபளப்பு ‘பழைய மோஸ்தர்’ என்று ஒதுக்கப்படுகிறது. கடலோரத்துக்கு அதுதான் கெட்டி. மங்கல் பினிஷ்தான் வேண்டும் என்றால் கோடு ஓடுகிற திசையிலேயே துடையுங்கள். இரும்பு நாரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். நார் உதிர்த்துவிட்டுப் போகிற இரும்புத் துகள் துருப்பிடித்து, பாத்திரமே துருப்பிடித்ததுபோல் காட்டும்.

அடுப்பு

கண்ணாடிக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும்: அது துருப்பிடிக்காது. அண்ணன் நினைக்கிறபடி கண்ணாடி என்றாலே ஷோ இல்லை. உப்புக்கு மட்டும் பார்த்தால் எவர்சில்வரைவிடக் கண்ணாடிதான் மேல். சண்டை கண்ணாடியோடு இல்லை, அதைப் பதிக்கிற விதத்தோடுதான்.

மேடைக்குள் பதிக்கிற ஹாப்பில் மேலே தெரிவது கண்ணாடி மட்டுமே. கீழே, கிரானைட்டுக்கு அடியில், தகரப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதற்குள் கேஸ் குழாய், வால்வு, தானாகப் பற்றவைக்கிற மின்கம்பிகள். குழம்பு பொங்கி வழிந்தால் பர்னர் ஓரமாக உள்ளே இறங்கும். கஞ்சி இறங்கினால்கூடப் பரவாயில்லை, மீன் குழம்பின் புளியும் உப்பும் இறங்கினால் அந்தத் தகரத்துக்கு அதுவே போதும். துடைக்க வேண்டும் என்றால் ஹாப்பையே கழற்ற வேண்டும். கழற்றத் தெரிந்தவர் வர வேண்டும்.

காலில் நிற்கிற கண்ணாடி அடுப்பு அப்படி இல்லை. சிலிண்டரை அணைத்துவிட்டு ஒரு பக்கம் தூக்கினால் அடிவயிறு முழுக்கத் துணி எட்டும். பார்ப்பதற்கு ஹாப்பைவிட நாலு விரல் உயரம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த உயரம் உறுத்தினால் மேடையில் அடுப்பு நிற்கிற இடத்தை மட்டும் கொத்தனாரிடம் சொல்லி நாலு அங்குலம் தாழ்த்திக் கட்டிக்கொள்ளலாம். ஹாப் போலவே சமமாகத் தெரியும், தூக்கித் துடைக்கவும் முடியும். கட்டுகிற வீட்டில்தான் இது சாத்தியம் என்பதால் மதினிக்கு முதலில் சொன்ன யோசனை இதுதான்.

இனி பாத்திரம். நம் பக்கத்து மீன் குழம்பு மண்சட்டியில்தான். மண்சட்டியின் அடி உருண்டை. ஹாப்களோடு வருகிற தட்டையான, விரிந்த தாங்கிகளில் அது ஆடும். சட்டியைக் கடைக்கே எடுத்துப்போய் வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அகலப் பாத்திரம். பர்னரைவிட மிக அகலமான அடி கொண்ட தேக்சாவோ வாணலியோ நெடுநேரம் தீயில் இருந்தால் சூடு கீழ்நோக்கித் திரும்பிக் கண்ணாடியில் இறங்கும். சூடேற்றிப் பக்குவப்படுத்திய கண்ணாடிதான், ஆனாலும் ஓரத்தில் எப்போதோ பட்ட ஒரு சின்ன அடி அதுவரை காட்டிக்கொள்ளாமல் இருந்து, அந்தச் சூட்டில் மொத்தத்தையும் கல்கண்டுபோல நொறுக்கிவிடலாம். கீழக்கரைப் பக்கம் தொதல் கிண்டுகிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்ந்து உருண்டு வருகிறவரை மணிக்கணக்கில் இரண்டு கையாலும் துடுப்புப் போட்டு அழுத்திக் கிண்ட வேண்டும். அந்தப் பாரத்தைக் கண்ணாடியின் மேல் ஏற்றக் கூடாது.

இதற்கு ஒரே அடுப்பில் விடை தேடுவது வீண். முன்னால் அழகுக்கும் அன்றாடத்துக்கும் காலில் நிற்கிற கண்ணாடி அடுப்பு. பின்கட்டில், தொதலுக்கும் பிரியாணிக்கும் விருந்துக்கும், இரும்புச் சட்டத்தில் ஒரு பெரிய ஒற்றை பர்னர். இரண்டையும் சேர்த்தாலும் நல்ல ஹாப் ஒன்றின் விலைக்கு உள்ளேயே முடிந்துவிடும். பர்னர் தலை பித்தளையாக இருக்கட்டும். களிம்பு பிடிக்கும், புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். அலுமினியக் கலவைத் தலையில் உப்புநீர் பட்டுப் பட்டுக் குழி விழுந்தால் சுடர் சீராக வராது. வீட்டு கேஸ் அடுப்புக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 4246. எரிகிற கேஸில் 68 சதவீதச் சூடாவது பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அது கேட்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தானாகப் பற்றவைக்கிற வசதிக்கு மட்டும் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். உப்புக்காற்றில் அதுதான் முதலில் மடியும், பிறகு எல்லா வீட்டிலும் லைட்டர்தான்.

சிம்னியா, ஃபேனா?

இந்தக் கேள்வியில் நான் அண்ணன் பக்கம், முழுதாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி.

சிம்னி என்பது காற்றை இழுக்கிற சாமான். அடுப்பின் எண்ணெய்ப் புகையை மட்டுமா இழுக்கிறது? ஜன்னல் வழியாக வருகிற உப்புக்காற்றையும் சேர்த்தே இழுத்துத் தன் மோட்டாரின் மேல் விடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் உப்பு ஒட்டினால் அந்தப் பசையைச் சும்மா துடைத்து எடுக்க முடியாது. ஃபில்டர் இல்லாத மாடல்கள் முன்பக்கம் பார்க்க ஒரே கண்ணாடிப் பலகைபோல அழகாக இருக்கும். எண்ணெயைப் பிரிப்பது உள்ளே சுழல்கிற காற்றாடிதான். அதன் உட்புறத்துக்குத் துணி எட்டாது. தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் என்பார்கள். உள்ளே ஒரு சூடேற்றி எண்ணெயை உருக்கிக் கிண்ணத்தில் வடிய வைக்கும் ஏற்பாடு அது. எண்ணெய் உருகும், உப்பு உருகாது. வளைந்த தகடுகள் வைத்த பாஃபில் ஃபில்டர் மாடல் அவ்வளவு நேர்த்தியாகத் தெரியாது, ஆனால் தகட்டைக் கழற்றி வாளி வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துக் கழுவலாம். சாளையோ நெத்திலியோ வாரத்தில் நாலு நாள் பொரிக்கிற வீட்டுக்கு இரண்டில் ஒன்று என்றால் பாஃபில்தான்.

கையசைத்தால் ஓடுகிற சிம்னி வேண்டாம். மீன் வெட்டிய கை, மாவுக் கை எதுவாக இருந்தாலும் முழங்கையால் அமுக்கக்கூடிய பொத்தானே நல்லது. உறிஞ்சும் திறன் மணிக்கு 1200 கன மீட்டர் என்று அட்டையில் போட்டிருப்பது குழாய் மாட்டாமல் அளந்த கணக்காக இருக்கலாம். குழாயில் ஒவ்வொரு வளைவும் அதைத் தின்னும். அடுப்பு வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தால் நேராக ஒரே குழாயில் வெளியேற்றிவிடலாம். அழகுக்காக அடுப்பை நடுமேடைக்குக் கொண்டுவந்தால் குழாய் கூரையோரம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

குழாயின் வாய் எந்தத் திசையில் திறக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் தென்கடலோரமாக இருந்தால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும், அங்கே தெற்கிலும் மேற்கிலும் வாய் வைக்கக் கூடாது. தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் என்றால் வாடைக்காற்று, அங்கே வடக்கிலும் கிழக்கிலும் கூடாது. வைத்தால் புகை வெளியே போவதற்குப் பதில் மணலும் உப்பும் உள்ளே வரும். காற்றடித்தால் மூடிக்கொள்கிற மடல் அவசியம், அது பிளாஸ்டிக்கில் இருந்தால் இன்னும் நல்லது.

எக்ஸாஸ்ட் ஃபேனிடம் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. விலை குறைவு, பிளாஸ்டிக் இறக்கை, நாலு திருகைக் கழற்றினால் கையில் வந்துவிடும், கெட்டால் உள்ளூர் எலெக்ட்ரீஷியனே மாட்டிவிடுவார். குறை என்னவென்றால் அது புகையை அடுப்புக்கு மேலேயே பிடிக்காது. புகை அடுப்படி முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் வெளியேறும். கூடத்தோடு சேர்ந்த திறந்த அடுப்படி என்றால் சோபா உறையில் மீன் வாடை நிற்கும், அங்கே சிம்னி தேவைதான். தனி அறையாக, கதவு வைத்த அடுப்படி என்றால் ஃபேன் போதும். தங்கச்சிமடத்து வீட்டில் அடுப்படி திறந்ததா மூடியதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அதை முடிவு செய்யாமல் சிம்னி மாடலைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள்.

பிரிட்ஜ்

இங்கே மதினி ஜெயிக்கலாம். பிரிட்ஜின் முகம் என்பது கதவு. தினமும் கை படுகிற, துணி எட்டுகிற இடம். கண்ணாடிக் கதவு வேண்டுமா, வாங்கிக்கொள்ளலாம். கறுப்புக் கண்ணாடியில் உப்புத் தூசி வெள்ளையாகத் தெரியும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். வெளிர் நிறம் சமாளிக்கும்.

உள்ளே பார்க்க வேண்டியது வேறு. ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் பெட்டியில் பாகங்கள் குறைவு, ஐஸ் கட்டுவதால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் குளிர் நிற்கும். ஆனால் ஃப்ரீசர் சிறியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தை மனத்தில் வைத்து, சீலா மீனும் பாறை மீனும் மலிவாகக் கிடைக்கும்போது துண்டுபோட்டு எடுத்துவைக்கிற வீட்டுக்கு அது பற்றாது. இரண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் இடம் தாராளம். விலையாக உள்ளே ஒரு காற்றாடி, ஒரு சூடேற்றி, ஒரு மின்பலகை கூடுதலாக வருகின்றன. மீன் வைக்கிற வீட்டுக்கு இரண்டு கதவுதான் என் கட்சி, ஸ்டெபிலைசரோடு.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் அலமாரிக்குள் நெருக்கி அடைக்காதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பிளாஸ்டிக் சக்கர ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இரும்பு ஸ்டாண்ட் பெட்டிக்கு முன்பே உதிரும். மாதம் ஒரு தரம் இழுத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, முதுகையும் கீழ் ஓரங்களையும் துடைத்தால் போதும். துரு தொடங்குவது எப்போதும் கீழ் மூலையில், தரை துடைத்த தண்ணீர் தெறிக்கிற இடத்தில். உத்தரவாத அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். துருவுக்குப் பொறுப்பில்லை என்று பல அட்டைகளில் ஒரு வரி இருக்கும். கதவிலேயே தண்ணீர் வருகிற மாடலும் வேண்டாம், நம் போர் தண்ணீர் அந்தச் சின்னக் குழாய்களை அடைத்துவிடும்.

மற்றவை

மிக்சியில் அழகைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் உடம்புதான் இங்கே சரி. நிறத்தை உங்கள் இஷ்டத்துக்கு எடுங்கள். 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் பார்க்க எப்படியோ இருந்தாலும் இன்றும் சில வீடுகளில் அரைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கிரைண்டருக்குக் கோயம்புத்தூர் தயாரிப்பு, 304 டிரம், கல்லைத் தனியாக எடுத்துக் கழுவ முடிகிற மாடல். முடிந்தது.

இண்டக்ஷன் அடுப்பு கீழிருந்து காற்றை இழுத்துத் தன்னைக் குளிர்விக்கிறது. அதனால் மேடையிலேயே கிடந்தால் உள்ளே உப்பு சேரும். வேலை முடிந்ததும் எடுத்து உள்ளே வையுங்கள். மண்சட்டி அதில் வேகாது. மைக்ரோவேவை அலமாரிக்குள் பதிப்பதைவிட, இழுக்க வசதியாக ஒரு திறந்த தட்டில் வைப்பதே மேல்.

பாத்திரம் கழுவும் மெஷின் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: போர் தண்ணீரை நம்பி வாங்காதீர்கள். அதற்குள் இருக்கிற மென்னீராக்கி கடினத்தன்மையைத்தான் நீக்கும், உவர்ப்பை நீக்காது. குடிநீரைச் சுத்திகரிக்கிற ஆர்ஓ பெட்டிக்கும் தண்ணீர்தான் கணக்கு. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை என்பது இந்தியத் தரம். காவிரித் தண்ணீர் ஒழுங்காக வருகிற தெருவில், புற ஊதாக் கதிரால் கிருமியை மட்டும் கொல்கிற யூவி பெட்டி போதும். குழாயில் போர் தண்ணீர்தான் என்றால் உப்பையும் நீக்குகிற ஆர்ஓ வேண்டும். முதலில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள், பெட்டியின் முகத்தைப் பிறகு பார்க்கலாம்.

மேடைக்குள் பதிக்கிற சாமான்களைப் பற்றி நான் தயங்க இன்னொரு காரணம் ரிப்பேர். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். “அக்கா, போர்டு மதுரைல இருந்து வரணும், வந்ததும் போன் பண்றேன்” என்று சொல்லிப்போன தம்பி திரும்பி வருகிறவரை, பதித்த ஹாப் இருந்த மேடையில் ஒரு ஓட்டைதான் இருக்கும். நிற்கிற அடுப்பு கெட்டால் பக்கத்து வீட்டு அடுப்பை வாங்கி வைத்துச் சமைத்துவிடலாம்.

தங்கச்சிமடத்தில் இப்போதைக்கு எட்டியிருக்கிற உடன்பாடு இது: தாழ்த்திய மேடையில் கறுப்புக் கண்ணாடி அடுப்பு, பின்கட்டில் ஒற்றை பர்னர், மதினி கேட்ட நிறத்தில் கண்ணாடிக் கதவு பிரிட்ஜ், பதிக்கிற சாமான் எதுவும் இல்லை. சிம்னி வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு இடம் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். சிங்க்கிலிருந்து தள்ளி, கை எட்டுகிற உயரத்தில். கூடவே 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று. ஈர உப்பு ஏறிய பிளக்கில் கசிகிற கரண்டைத் துண்டிக்க அது வேண்டும். இதில் மட்டும் அண்ணனும் மதினியும் மறுபேச்சுப் பேசவில்லை.